நடுவில் நிற்கும் பெயர்

இன்று காலை உன் காடி போத்தலைத் திறந்தேன். சமையலறை மேடையின் மூலையில், அம்மாவின் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் நீ போன பிறகும் அது நிற்கிறது. தென்னங்காடியில் சிலிப்பாடி மிளகாயும் பூண்டும் மிளகும் போட்டு நீ ஊற வைத்தது. மிளகாய்கள் வெளுத்து அடியில் கிடக்கின்றன. மூடியைத் திருகியதும் அந்தப் புளிப்பு மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வந்தது. பொரித்த மீன் தட்டோடும் துவட்டாத தலையோடும் நீ இந்த மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாய் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்காகத்தான் திறந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் நீ வேண்டும் போல் இருந்தது.

உன் மகளிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பிலிப்பீன்ஸில், உங்கள் தீவில் புயல் கரையேறிவிட்டது. அவள் படிக்கிற ஊருக்குள் கடல் வந்துவிட்டது. அவள் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வீடு கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது. அவளுடைய போன் அணைந்து கிடக்கிறது. உன் தம்பியின் போனும் அப்படியே.

இன்னும் ஒன்று இருக்கிறது. இறந்தவர்களில் அடையாளம் தெரிந்த சிலருடைய பெயர்களை வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்று அனுப்பியிருக்கிறது. வழக்கம்போல் அதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டியவள் நான். அந்தப் பெயர்களில் ஒன்று ஏஞ்சலா ரெய்யஸ். வயது பதினெட்டு, மாணவி.

உன் மகளின் பெயர். உன் மகளின் வயது. ஆனால் உங்கள் பக்கத்தில் ஏஞ்சலாவுக்கும் பஞ்சமில்லை, ரெய்யஸுக்கும் பஞ்சமில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். "தெருவுல நின்னு ரெய்யஸ்னு கூப்டா பாதித் தெரு திரும்பிப் பாக்கும்லா" என்பாய். எந்த ஏஞ்சலா, யார் வீட்டு ஏஞ்சலா என்று சொல்வது நடுவில் வரும் பெயர்தான். எனக்கு வந்த செய்தியில் அது இல்லை. வழியில் எங்கோ யாரோ அதை வெட்டிவிட்டார்கள்.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவாய். மலாயும் இங்கிலீஷும் தமிழும் கலந்து நம் மூவருக்கு மட்டும் புரிகிற ஒரு வீட்டுப் பாஷையில் பேசுவாய். இதை இங்கிலீஷில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் பயம் எனக்குத் தமிழில்தான் வருகிறது. போன் ஒலிக்கும்வரை கை சும்மா இருக்க முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நீ முதன்முதலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற நாள் நினைவிருக்கிறதா? ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குத் தரம் பார்க்கும் பொறியாளராக வந்திருந்தாய். அப்பா போன பிறகு எங்கள் பின்னறை பூட்டிக் கிடந்தது. வாடகைக்கு விடலாம் என்று நான்தான் சொன்னேன். ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து, அது செம்பனைத் தோட்டமாகி, பாதி வீடமைப்புத் திட்டமாகவும் ஆன பிறகு ஈப்போவுக்கு வந்தவள் அம்மா. அறிமுகமில்லாத ஒருத்தி வீட்டுக்குள் வருவதில் அவளுக்கு முழுச் சம்மதம் இல்லை. வாசலிலேயே நிறுத்தி மலாயில் பெயர் கேட்டாள். நீ மூன்று பெயர்களையும் சேர்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னாய்.

"யம்மா, எவ்ளோ நீளம்! வீட்டுல என்னா கூப்டுவாங்க?"

நீ வீட்டுப் பெயரைச் சொன்னாய். பிறகு கைப்பேசியில் உன் மகளின் படத்தைக் காட்டினாய். அவள் அப்போது முன்பல் விழுந்த சிறுமி.

"இவ தெங்தெங்" என்றாய்.

அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "என்னாடி பேரு இது! ஐஸ்கிரீம்காரன் மணியடிச்சிக்கிட்டு வர்ற மாதிரி!"

நான் வெட்கிப் போனேன். உனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். நீ என்னைக் காட்டி, "இவங்கள வீட்டுல என்னா கூப்பிடறீங்க?" என்று மலாயில் கேட்டாய்.

"பாப்பா" என்றாள் அம்மா. சின்னக் குழந்தை என்று நான் அர்த்தம் சொன்னேன்.

நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "பெரிய பாப்பாலா" என்றாய்.

அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் எட்டிப் பார்த்தார். அன்று மாலையே பின்னறைச் சாவி உன் கைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நீ உன் மகளோடு போனில் பேசும்போது அம்மா பின்னால் நின்றுகொண்டு, "ஏ ஐஸ்கிரீம் மணி, சாப்ட்டியா?" என்று கத்துவாள். அந்தப் பக்கத்திலிருந்து அவளும் தமிழிலேயே, "சாப்ட்டாச்சு" என்று கத்துவாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான்.

மறுபடியும் அவளுடைய எண்ணை அழைத்துப் பார்த்தேன். அணைந்துதான் இருக்கிறது. அந்த இயந்திரக் குரல் உங்கள் மொழியில் என்னவோ சொல்கிறது. எனக்குப் புரிவதில்லை. இருந்தும் முடியும்வரை கேட்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என் அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாய். என் பெயர், அதன்பின் இன்னாரின் மகள் என்று காட்டும் சுருக்கம், பிறகு அப்பாவின் பெயர். நீ அட்டையைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தாய்.

"அம்மா எங்க?" என்றாய்.

எனக்கு முதலில் புரியவில்லை. அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "நான் எதுக்கு அதுல? பேருக்கு அவரு, சோத்துக்கு நானு."

நீ எப்போதும் சிரிப்பவள், அன்று சிரிக்கவில்லை. உங்கள் வழக்கத்தை எனக்கு விளக்கினாய். ஒருத்திக்குக் கல்யாணம் ஆனால், பிறந்த வீட்டுப் பெயர் நடுவுக்கு நகரும், கணவனின் குடும்பப் பெயர் கடைசியில் வந்து சேரும். பிள்ளை பிறந்தால் அதன் பெயருக்கு நடுவிலும் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் நிற்கும். ஆகவே உனக்கும் உன் மகளுக்கும் நடுப்பெயரும் கடைசிப் பெயரும் ஒன்று. முன்னால் இருப்பது மட்டும்தான் வேறு.

"அவரு கப்பல்ல போனவரு, வேற குடும்பம் ஆயிருச்சு. ரெய்யஸ் மட்டும் எங்ககிட்ட நின்னுக்கிச்சு. அத நான் கழட்ட முடியாது" என்று விரலை மேசையில் வைத்துக் காட்டினாய். "ஆனா இங்க பாரு. முன்னால அவ. பின்னால அவரு. நடுவுல நான். என்னைத் தாண்டாம யாரும் அவகிட்ட வர முடியாது."

அப்போது அதை ஒரு வேடிக்கையான பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்று அந்தச் செய்தியில் முன்னால் அவள் இருக்கிறாள், பின்னால் அவர் இருக்கிறார். நீ நின்ற இடம் காலியாகக் கிடக்கிறது. அதைத்தான் காலையிலிருந்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்திலும் அந்த இடத்தை வெட்டத்தான் செய்கிறோம். உனக்கே தெரியும், நீதான் அங்கே வந்து சண்டை போட்டாயே. பழைய நகரத்தில் ஒரு கடைவீட்டின் மாடி, இணையத்தில் வரும் சின்னத் தமிழ்ச் செய்தித்தாள், ஆசிரியர் சிவா அண்ணனோடு சேர்த்து ஒரு கை விரலுக்குள் அடங்கும் ஆட்கள். பிலிப்பினோ செய்தி வந்தாலே எங்களுக்குக் குழப்பம். முதல் பத்தியில் முழுப் பெயர், இரண்டாவதில் செல்லப் பெயர், மூன்றாவதில் குடும்பப் பெயர் என்று ஒரே ஆளை மூன்று ஆளாக்கி விடுவோம். ஒருமுறை ஈப்போவில் நடந்த பாட்டுப் போட்டியில் உங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி முதல் பரிசு வாங்கினாள். மேலே அவள் பெயரைப் போட்டுவிட்டு, கீழே இங்கிலீஷ் செய்தியில் இருந்தபடியே குடும்பப் பெயரை மட்டும் போட்டோம். மறுநாள் பாரிட் புந்தாரிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார்.

"தம்பி, ஜெயிச்சது அந்தப் பொண்ணா, அவங்க அப்பாவா? மேல பொண்ணு பேரு போட்டிருக்கீங்க. கீழ அப்பா பேரப் போட்டு மேடையில ஆடிப் பாடினாருன்னு போட்டிருக்கீங்க!"

பின்னால் வருவது அப்பா பெயர் என்பது நம் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. உன்னிடம் வந்து சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சனிக்கிழமையே ஒரு டப்பா நிறைய, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கரிபாப் வாங்கிக்கொண்டு எங்கள் மாடிக்கு ஏறி வந்தாய். சிவா அண்ணனின் எதிரில் உட்கார்ந்து, "மொதல்ல ஒரு முடிவு பண்ணுங்க. அப்புறம் எல்லா நியூஸ்லயும் அதையே எழுதுங்க" என்றாய். உங்கள் நாட்டின் பெயரை எப்படி எழுதுவது, மக்களை எப்படிச் சொல்வது, பெண் என்றால் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தோம். செல்லப் பெயரால் ஊருக்கே தெரிந்தவர் என்றால் முதல் இடத்தில் இரண்டையும் சொல்லிவிட வேண்டும், பிறகு ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் சிவா அண்ணன் தலையாட்டினார். நடுப்பெயருக்கு மட்டும் ஆட்டவில்லை.

"அது வேணாம்மா. நடுவுல ஒன்னு நின்னா நம்ம ஆளுங்க அதையும் அப்பா பேருன்னு நெனப்பாங்க. பின்னால ஏற்கனவே ஒரு அப்பா இருக்காரு. அப்போ ஒரு பொண்ணுக்கு ரெண்டு அப்பாவா? யாரு போன் எடுத்துப் பதில் சொல்றது?"

எல்லோரும் சிரித்தோம். நீயும்தான். "சரிண்ணே, அம்மாவ வெட்டிட்டு நியூஸ் போடுங்க" என்றாய். அவர் இன்னொரு கரிபாப்புக்குக் கை நீட்டினார். நீ டப்பாவின் மூடியை அழுத்தி மூடிவிட்டாய்.

அதற்குப் பிறகு எவ்வளவோ செய்திகள். எல்லாவற்றிலும் அந்த விதிப்படியே எழுதினோம். யாருக்கும் குழப்பம் வரவில்லை, யாரும் போன் செய்யவில்லை.

இன்று காலை சிவா அண்ணன்தான் போன் செய்தார். "என்னாம்மா, புயல் நியூஸ் ரெடியா? மத்தவங்க எல்லாம் போட்டாச்சு."

"ரெடி இல்லண்ணே."

"ஏன்?"

"ஒரு பேரு... தெங்தெங்கா இருக்குமோன்னு பயமா இருக்கு."

"நம்ம பிலிப்பீன் தங்கச்சி மகளா?" என்றார்.

"தெரியலண்ணே. நடுப்பேரு இல்ல."

கரிபாப் டப்பா அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "பேரெல்லாம் நிறுத்தி வை. எத்தன பேருன்னு மட்டும் எழுதி அனுப்பு. மத்தத அப்புறம் பாக்கலாம்" என்றார். அனுப்பினேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். அவள் வந்து போத்தலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "என்னாடி, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். கடைசியில் சொல்ல வேண்டியதாயிற்று. நாற்காலியை மெதுவாக இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். "ஐஸ்கிரீம் மணியா?" என்றாள். அந்தப் பெயரை அவள் அவ்வளவு சின்னக் குரலில் சொல்லி நான் கேட்டதில்லை.

போன ஞாயிறு உன் மகள் அனுப்பிய குரல் பதிவை மறுபடியும் மறுபடியும் போட்டுக் கேட்கிறோம். 'தீத்தா' என்றுதான் ஆரம்பிக்கிறாள், மீதியெல்லாம் இங்கிலீஷ். அத்தைக்கும் சித்திக்கும் உங்கள் ஊரில் அந்த ஒரே சொல். வீட்டுக்காரியின் சேவல் விடியுமுன்னே கூவி எழுப்பிவிடுகிறதாம், அதற்குப் பயந்தாவது இடம் மாற வேண்டுமாம். "அம்மாவின் போத்தல் இருக்கிறதா? முழுசாகத் தீர்த்துவிடாதீர்கள், நான் வந்து பார்க்க வேண்டும்" என்கிறாள். பின்னால் உண்மையாகவே ஒரு சேவல் கூவுகிறது. போன ஞாயிறு கேட்டபோது சிரித்தோம்.

இடம் மாறியிருப்பாளா? மாறியிருந்தால் கடற்கரையிலிருந்து தள்ளிப் போயிருப்பாளா, இன்னும் பக்கத்தில் போயிருப்பாளா? நீ கண் மூடுவதற்கு முன் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து என்னிடம் கடைசியாகப் பேசியபோது, "அவ ஒங்கிட்ட பேசுவா. நீ பதில் சொல்லு, அது போதும்" என்றாய். நான் பதில் சொல்லித்தான் வந்திருக்கிறேன். இன்று அவள் பேசவில்லை. பேசாதவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நீ சொல்லிக் கொடுக்கவில்லையே.

சிம்பாங் பூலாயில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் மெர்லியைக் கூப்பிட்டேன். தேவாலயத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவாளே, அவள்தான். உங்கள் தீவுக்காரி. அவளுடைய உறவினர் ஒருவர் அங்கே உள்ளூர் வானொலியில் வேலை செய்கிறார் என்று நீ சொல்லியிருந்தாய். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் மெர்லி கேட்ட முதல் கேள்வி, "நடுப்பெயர் என்ன?"

நான் உன் பிறந்த வீட்டுப் பெயரைச் சொன்னேன்.

"வானொலியில் எப்போதும் மூன்று பெயரையும் வாசிப்பார்கள்" என்றாள் மலாயில். "அதை வாங்கி அனுப்புகிறேன். தைரியமாக இருங்கள் அக்கா." அவளுடைய குரலிலும் தைரியம் இல்லை. அவள் வீட்டாரும் அங்கேதானே இருக்கிறார்கள். கேட்கத் தோன்றாமல் போனை வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். அண்ணனிடம் பேசிவிட்டாளாம், அம்மாவிடம் இன்னும் பேச முடியவில்லையாம்.

மின்சாரம் போன அந்த மாலையை நினைத்துக்கொள்கிறேன். நீ வந்த இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ. சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னாலிருந்து கறுத்துக் கிளம்பி, ஈப்போ முழுவதையும் அடித்துப் போட்ட மழை. இடி விழுந்ததும் விளக்குகள் போயின. அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடி என்றால் நடுக்கம். இந்த மேசையில்தான் மூவரும் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்போது நீ சொன்னாய். உங்கள் தீவில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குமுன் உன் அம்மா வேறொன்றைப் பழக்கினாளாம். புயலில் கை நழுவிப் போனால், யார் கண்டெடுத்தாலும், முதலில் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். அழக் கூடாது, செல்லப் பெயர் சொல்லக் கூடாது. மூன்றையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் யார் பெற்ற பிள்ளை என்று தெரிந்து கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

"நானும் தெங்தெங்குக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். இப்ப நீங்க சொல்லுங்க" என்றாய்.

"நாங்க என்னா சொல்றது? எங்களுக்குத்தான் நடுவே இல்லையே" என்றாள் அம்மா.

"இன்னிக்கு மட்டும் வச்சிக்கலாம்லா."

நான் முதலில் சொன்னேன். என் பெயர், நடுவில் அம்மா பெயர், பிறகு அப்பா பெயர். வாய்க்குப் புதிதாக இருந்தது. அம்மா மெழுகுவத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அவளும் சொன்னாள். அவளைப் பெற்றவளின் பெயரை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் சீவி, நான் பிறக்குமுன்னே போய்விட்டவள். இத்தனை வருடத்தில் நான் அந்தப் பெயரைக் கேட்டதும் இல்லை, அம்மா சொன்னதும் இல்லை. அடுத்த இடி விழுந்தது. அம்மா நடுங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நடுங்கினாள். ஆனால், "நல்லாத்தான் இருக்கு சொல்றதுக்கு" என்றாள்.

மெர்லியிடமிருந்து பதிவு வந்துவிட்டது. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

கேட்டோம்.

வானொலிக்காரர் நிதானமாக வாசிக்கிறார். பின்னால் ஜெனரேட்டர் உறுமுகிறது. ஒவ்வொரு பெயரையும் மூன்று துண்டாக, நடுவில் மூச்சு விட்டு வாசிக்கிறார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "ஏஞ்சலா" என்றார். பிறகு அந்த மூச்சு. அந்த இடைவெளியில் நான் நின்றதைப் போல என் வாழ்நாளில் எங்கும் நின்றதில்லை. நீ வரக் கூடாது, நீ வரக் கூடாது என்று உன்னைத்தான் வேண்டினேன். இத்தனை நாள் நினைவில் வா, வா என்று கூப்பிட்ட உன்னை.

"விலாமோர்" என்றார். பிறகு ரெய்யஸ்.

நீ இல்லை. மறுபடி போட்டுக் கேட்டேன். நீ இல்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, உடனே கையை இறக்கிக்கொண்டாள். எனக்கும் அதே தோன்றியது. யாரோ ஒரு விலாமோர் வீட்டுப் பெண், தன் பெயரை மகளின் நடுவில் வைத்தவள், இதே வானொலியில் இதே மூச்சுக்குப் பிறகு தன் பெயரைக் கேட்டிருப்பாள். அம்மா கும்பிட்ட அதே இடத்தில்.

இத்தனைக்கும் உன் மகள் கிடைத்துவிடவில்லை. வாசித்த பெயர்களில் அவள் இல்லை, அவ்வளவுதான். அடையாளம் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அவரே கடைசியில் சொல்வதாக மெர்லி சொன்னாள். முன்பு ஒரே பெயரைப் பார்த்துப் பயந்தேன். இப்போது பெயரே இல்லாதவர்களை நினைத்துப் பயப்படுகிறேன். அம்மா சோறு வடித்தாள். இருவரும் தட்டைப் போட்டு உட்கார்ந்தோம், யாரும் கை வைக்கவில்லை. எழுதுவதையும் நிறுத்தி வைக்கிறேன்.

இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. திரும்ப எழுதுகிறேன்.

தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. திறக்கப் பயந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவளுக்கு அந்தப் பொத்தானை அழுத்தத் தெரியாது. திரும்ப என்னிடமே நீட்டினாள். அழுத்தினேன். காற்றுச் சத்தம், பின்னால் யாரோ பேசும் சத்தம். பிறகு, அவசரமாக, ஒப்பிப்பதுபோல ஒரு குரல்:

"ஏஞ்சலா மக்பனுவா ரெய்யஸ்."

தீத்தா என்று சொல்லவில்லை. தெங்தெங் என்று சொல்லவில்லை. யாருடைய போனோ, எவ்வளவு நேரம் கிடைக்குமோ தெரியாமல், நீ பழக்கியபடி முதலில் மூன்றையும் சொன்னாள். நடுவில் உன்னைச் சொன்னாள். அதன் பிறகுதான் தீத்தா. பள்ளிக்கூட மேல்மாடியில் இருக்கிறாளாம். மாமா நடந்தே வந்து சேர்ந்துவிட்டாராம். செருப்பு போய்விட்டதாம், காலில் கண்ணாடி கீறியிருக்கிறதாம், சோறு கொடுக்கிறார்களாம். "சாப்ட்டாச்சு" என்றாள் தமிழில். அதோடு அறுந்துவிட்டது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இன்னொரு தடவ போடு" என்றாள். போட்டேன். "மொதல்ல சொல்றா பாரு, அத மட்டும் போடு" என்றாள். போட்டேன்.

மெர்லிக்குச் சொன்னேன். அவள் அம்மாவும் பேசிவிட்டாளாம். பிறகு நிறுத்தி வைத்திருந்த செய்தியைத் திறந்தேன். வானொலிக்காரர் வாசித்தபடியே எல்லாப் பெயர்களையும் எழுதினேன். ஏஞ்சலா விலாமோர் ரெய்யஸ் என்று எழுதினேன். யாருடைய நடுவையும் வெட்டவில்லை. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் சிவா அண்ணன் கூப்பிட்டார். தெங்தெங் பிழைத்ததைச் சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்ட சத்தம் கேட்டது. பிறகு ஆசிரியர் குரலுக்குத் திரும்பினார்.

"எல்லாம் சரிம்மா. நாளைக்கு ரெண்டு அப்பாவான்னு போன் வந்தா?"

"என் நம்பரக் குடுங்கண்ணே. நான் சொல்லிக்கிறேன்."

"இந்த ஒரு நியூஸுக்கா, இனிமே எல்லாத்துக்குமா?"

"ஒரு முடிவு பண்ணா எல்லா நியூஸ்லயும் அதையே எழுதணும்னு அவ சொல்லல?"

"கரிபாப்பாவது மிச்சம் வச்சிருக்கலாம் அந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல முடியாது. அவள் இருக்கும் மாடியில் விளக்கு இல்லை, காலில் காயம். பின்னாலேயே இன்னொரு காற்று கிளம்பியிருக்கிறது என்று இப்போது செய்தி வருகிறது. அது உங்கள் தீவைத் தொடுமா தெரியவில்லை. நாளைக்கும் நான்தான் எழுத வேண்டும். இனி எந்தப் பெயர் வந்தாலும் என் கண் முதலில் நடுவுக்குத்தான் போகும், அங்கே மூச்சு நிற்கும். இது என்னோடேயே இருக்கப் போகிறது. நீ விட்டுப் போனதில் இதுவும் ஒன்று.

போத்தலில் காடி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பாதியானதும் மேலே புதுக் காடி ஊற்ற வேண்டும், காலியாக விடக் கூடாது என்று சொல்லியிருந்தாய். மூலைக் கடையில் காடி வாங்கி வந்து ஊற்றி மூடினேன். அவள் வந்து பார்க்க வேண்டும் அல்லவா.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இப்போது இடிக்கிறது. முன்னறையில் அம்மா சன்னல்களைச் சாத்துகிறாள். சாத்திக்கொண்டே தனக்குத் தானே என்னவோ முணுமுணுக்கிறாள். மந்திரம் என்று நினைத்துக் காது கொடுத்தேன். மந்திரமில்லை. தன் பெயரைச் சொல்கிறாள், தன்னைப் பெற்றவள் பெயரைச் சொல்கிறாள், பிறகு தகப்பன் பெயர். மறுபடியும் முதலிலிருந்து.

நானும் சொல்லிப் பார்த்தேன். நடுவில் அம்மா வந்தாள்.